உயிரோடு யாருக்கும் இல்லாத பெயர்

ஆய்வேட்டை எப்படிப் புத்தகமாக்குவது என்று கேட்டு என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். ஒரே ஒரு புத்தகம் போட்டவளைத் தேடி ஹட்டன் வரை வருகிறார்களே என்று சிரிப்பாக இருக்கும். ஆனாலும் தெரிந்ததைச் சொல்வேன். பரீட்சகர்களுக்காக எழுதிய முதல் இரண்டு அதிகாரங்களைத் தூக்கிப் போடுங்கள். இன்னார் இப்படிச் சொன்னார், அன்னார் அப்படிச் சொன்னார் என்று அரைத்த மாவையே அரைத்த பக்கங்களை எவரும் விரும்பிப் படிக்கமாட்டார்கள். உங்கள் துறையில் ஏற்கனவே நூல் போட்டிருக்கிற பதிப்பகமாகப் பார்த்து எழுதுங்கள். எடுத்த எடுப்பில் முழுப் பிரதியையும் அனுப்பாதீர்கள். இந்தப் புத்தகம் என்ன சொல்கிறது, யார் படிப்பார்கள் என்று நாலு பக்கம் எழுதி, நல்ல அதிகாரங்கள் இரண்டை மட்டும் சேர்த்து அனுப்புங்கள். பிறகு பொறுமையாக இருங்கள். இவ்வளவும் சொல்வேன். ஆய்வில் வரும் மனிதர்களுக்குப் பெயர் வைப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

தேயிலைத் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன கதைதான் என் ஆய்வு. பத்தொன்பது பெண்களோடு பேசினேன். அவர்களில் பலர் பொகவந்தலாவைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். பெயரை வெளியில் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆய்வேட்டில் அவர்கள் முதலாம் பெண், இரண்டாம் பெண் என்று எண்களாக இருந்தார்கள். ஏழாம் பெண்தான் அந்த ஆய்வின் முதுகெலும்பு. பதின்மூன்று வயதில் கொழும்புக்குப் போனவர். சட்டை கருகியதற்காக அந்த வீட்டு அம்மாள் சூடான அயர்ன் பெட்டியை அவர் வலது கையில் வைத்து அழுத்தியிருந்தாள். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவருடைய மகனுக்கு இன்றைக்கும் தெரியாது. "பேரு மட்டும் வந்துரக் கூடாது தங்கச்சி" என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

பதிப்பகத்துக்கு அனுப்பி எட்டு மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு, பிரதியைப் படித்த இருவரின் குறிப்புகள் வந்தன. யார் எழுதினார்கள் என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். முதலாமவர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் எழுதியிருந்தார்: "இந்தப் பெண்கள் என்ன கைதிகளா? எண்களை எடுத்துவிட்டுப் பெயர் வையுங்கள். புனைபெயராக இருந்தாலும் பெயராக இருக்கட்டும்." எனக்கு ஆத்திரம் வந்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்கே தோட்டத்துப் பெண்களை மதிக்கச் சொல்லிக் கொடுக்கிறாரா என்று இரண்டு நாள் முணுமுணுத்தேன். மூன்றாம் நாள், அவர் சொன்னது சரிதான் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஒரு மழைப் பிற்பகலில், ஹட்டனில் துணிக்கடைக்கு மேலே உள்ள என் வாடகை அறையில், பெயர் வைக்க உட்கார்ந்தேன். தோட்டத்தில் யாருக்கும் இருக்கும் பெயராக இருக்கக் கூடாது. ஊர் வாய் உடனே ஆளைக் கண்டுபிடித்துவிடும். பதினெட்டுப் பெயர்களுக்கு மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஏழாம் பெண்ணுக்கு மட்டும், நான் யோசிப்பதற்கு முன்பே, ஒரு பெயர் வந்து நின்றது. சின்னப் பெயர், செல்லப் பெயர் மாதிரி. தோட்டத்தில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. உயிரோடு யாருக்கும் இல்லாத பெயர். புனைபெயருக்கு வேறென்ன தகுதி வேண்டும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்தப் பெயர் வந்த பிறகு அதிகாரமே மாறிப்போனது. எண்ணாக இருந்தவரை அசையாமல் கிடந்த பெண், எழுந்து நடக்கத் தொடங்கினாள். திருத்தி எழுதிக்கொண்டிருக்கும்போது அறையில் ஈரத் தலைமுடியின் வாடை அடிக்கும். மாடிப்படியில் வெறுங்காலோடு யாரோ ஏறி வருவதுபோல் இருக்கும். கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. பயம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் எழுத்து ஓடி வந்ததால் பயத்தைக்கூட என் எழுத்தின் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒப்பந்தம் வந்தது, கையெழுத்திட்டேன். கடைசியில் அச்சுக்கு முந்திய மெய்ப்புப் பக்கங்கள் மின்னஞ்சலில் வந்தன. பிழை பார்த்து, எந்தப் பெயர் எந்தப் பக்கங்களில் வருகிறது என்று பெயரடைவும் செய்து, திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அச்சுக்குப் போகுமுன் வாசித்துக் காட்டுவதாக ஏழாம் பெண்ணுக்குச் சொல்லியிருந்தேன். கொமினிகேஷன் கடையில் அச்செடுத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அவர் லயத்து வரிசையிலுள்ள தன் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது. அவருக்குக் கேட்க வேண்டும் என்று நான் தொண்டை கிழிய வாசித்தேன். அயர்ன் பெட்டிப் பக்கத்தை வாசிக்கும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தாண்டி, மூன்று வருடம் கழித்து அவர் முதல் தடவையாக மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்த இடத்துக்கு வந்தேன். அம்மா ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயை வாங்கிக்கொண்டு, வாசலையொட்டிய இஸ்தோப்பில் நின்று, தேர் வருவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். புத்தகத்திலேயே அவள் சிரிக்கும் ஒரே பக்கம் அதுதான். அறுபத்து மூன்று.

"இடது கையில் கோப்பையைப் பிடித்தபடி" என்று வாசித்தபோது அவர் நிமிர்ந்தார்.

"நான் எப்ப நொட்டாங்கையில குடிச்சேன்? நான் சோத்தாங்கைக்காரிதானே தங்கச்சி."

பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. ஒலிப்பதிவிலும் இல்லை, குறிப்பேட்டிலும் இல்லை. நான்தான் எழுதியிருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. அப்போதுதான் மழை சட்டென்று விட்டிருந்ததைக் கவனித்தேன்.

"அவதான் நொட்டாங்கைக்காரி" என்று தலைக்கு மேலிருந்து ஒரு குரல் சொன்னது.

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவர் கூரையை முட்டாது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், டவுனில் பத்து வருடம் இருந்ததில் அதை மறந்து, மழையை நம்பிக் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சற்று நேரத்தில் அவர் இஸ்தோப்பில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தவுடன்தான் அந்தப் பெயர் யாருடையது என்று எனக்கு விளங்கியது.

அவருடைய மகள். நாலாம் ஆண்டில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள். இடது கையால் எழுதுகிறாள் என்று டீச்சர் அடிக்க அடிக்க, இடது கையாலேயே எழுதியவள். பள்ளிக்கூடம் மூடிய ஒரு அடைமழை நாளில், காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, தாய் போயிருந்த நேரம் பார்த்து மேட்டு லயத்தின் மேல் மண் சரிந்தது. பிள்ளையை மறுநாள்தான் எடுத்தார்கள். "செத்த புள்ள பேரச் சொல்லாத, வந்து நிக்கும்" என்று என் அம்மா என் வாயைப் பொத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பேரு எந்தத் தாள்லயும் இல்ல பாப்பா. பதிஞ்சது வேற பேரு. படமும் இல்ல. எங்க எழுதியிருக்கு, காட்டு."

காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. விரலை அந்த எழுத்துகளின் மேல் வைத்து, எடுக்கவில்லை. எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். பெயரடைவைப் பார்த்துப் பதினொரு பக்கம் என்றேன். அவள் கொழும்புக்குப் போனதையும், சேலை கட்டியதையும், கல்யாணம் செய்ததையும் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். ஏழாம் பெண் சுவரோடு சாய்ந்து, தன் வாழ்க்கை இன்னொருத்திக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, பேர மாத்தித்தான் ஆகணும். தெரியாம நடந்துருச்சு. புத்தகத்துக்கு முன்னால தனியா ஒரு பக்கத்துல அவ நினைவுக்குன்னு போட்டுடுறேங்க."

"அது செத்தவங்களுக்குப் போடுறது. இதுல அவ நடமாடுறா. இருக்கட்டும்." பிறகு குரல் தாழ்ந்தது. "ஒண்ணு மட்டும் செஞ்சு குடு. அந்தச் சூடு வச்சத எடுத்துரு."

அதை எடுத்தால் அந்த அதிகாரம் மட்டுமல்ல, புத்தகமே நிற்காது. அது நடந்த கொடுமை. அதை எழுதத்தான் நான் ஐந்து வருடம் அலைந்தேன். திக்கித் திணறி அதைச் சொன்னேன். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. ஏழாம் பெண்தான் சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினார்.

"அது என் கை அக்கா. எடுக்கச் சொல்லாதீங்க. நான் வெளியில சொன்னது இது ஒண்ணுதான்."

பெரியம்மா அந்தத் தழும்பை வெகுநேரம் தடவிக் கொடுத்தார். மகள் சூடுபட்டவளாகப் புத்தகத்தில் இருக்க வேண்டும், அல்லது எங்குமே இல்லாமல் போக வேண்டும். ஒரு தாய்க்கு முன்னால் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்ப பேர எடுத்துரு பாப்பா" என்றார் கடைசியில். "மண்ணுக்குள்ள மூச்சு முட்டிப் போனவ. இன்னொரு தடவ அவளுக்கு வலிக்க வேணாம்."

அவர் எழுந்து வாசலைத் தாண்டும்போது ஏழாம் பெண் கூப்பிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்து, "தங்கச்சி, அந்தத் திருவிழாப் பக்கத்த மட்டும் அந்தப் புள்ளைக்கே விட்டுடேன்" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. படித்த புத்தி குறுக்கே நின்றது. ஒருவரை அடையாளம் தெரியாமல் காப்பாற்ற இரண்டு பெயராகப் பிரித்து எழுதுவது எங்கள் துறையில் வழக்கம்தான், தவறில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு.

"அத எடுத்துட்டா புத்தகத்துல உனக்குச் சந்தோஷமே மிஞ்சாதே அக்கா."

"எனக்குத்தான் அந்த நாள் இருந்துச்சே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஏழாம் பெண் தனக்குத் தானே ஒரு புதுப் பெயர் சொல்லி அனுப்பியிருந்தார். பத்துப் பக்கங்களில் பழைய பெயரை அடித்தேன். அழுதுகொண்டேதான் அடித்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் தொடவில்லை. இடது கையையும் அப்படியே விட்டேன்.

பதிப்பாசிரியர் கெட்டிக்காரர், விடவில்லை. "இந்தப் பெண் ஒரே ஒரு பக்கத்தில் வருகிறாள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிழையா?" என்று எழுதியிருந்தார். பிழை இல்லை, அவள் வேறு ஒருத்தி என்று பதில் போட்டேன். புத்தகம் வந்த பிறகு மதிப்புரை எழுதிய ஒருவரும் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு, ஆசிரியரின் கவனக்குறைவு என்று எழுதினார். நான் மறுக்கப் போகவில்லை.

மாடிப்படியில் இப்போதும் சில மழை நாட்களில் காலடி கேட்கிறது. கதவைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டேன்.

முதல் பிரதியைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தை எடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி மெதுவாக வாசித்தேன். தேர் வந்தது. பிளேன்டீயைக் கையில் பிடித்தபடி அவள் சிரித்தாள். பக்கம் முடிந்தது. பெரியம்மா இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்பறம் எங்க போறா?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் ஏழாம் பெண் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். புத்தகத்தை மூடினேன்.

"எங்கயும் போகலைங்க பெரியம்மா. வீட்டுலதான் இருக்கா."