தொடலாமா என்று கேட்டவர்

தங்கை மலருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு போனில் செய்தி வந்தது. கஸ்தூரி சிஸ்டர் காலமாகிவிட்டார். பின்னலை முடித்துவிட்டுத்தான் அழுதேன். மலரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அழுவதற்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலருக்கு அறிவு வளர்ச்சி குறைவு. தொண்ணூற்றேழில் அவளுக்கு முப்பத்தைந்து வயது. வெள்ளைப்படுதல் நிற்கவேயில்லை. டாக்டர் கர்ப்பப்பை வாய்ச் சோதனை எழுதிக்கொடுத்தார். புற்றுநோயை வருமுன்னே கண்டுபிடிக்கலாமாம். கார்மெண்ட்ஸில் அரைநாள் லீவு சொல்லி, ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி அழைத்துப் போனேன்.

அந்த ஆஸ்பத்திரியில் கஸ்தூரி சிஸ்டர்தான் நர்ஸ். படுக்கையில் ஏறியதுமே மலர் முழங்கால்களை இறுக்கிக்கொண்டாள்.

"நான் காலைப் புடிச்சிக்கறேன் சிஸ்டர், நீங்க சட்டுனு எடுத்துடுங்க," என்றேன்.

அவர் என்னை விலகி நிற்கச் சொன்னார். "மலர், தொடலாமா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதிலில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை நான் கத்தியே விட்டேன். "அவளுக்கு இன்னா தெரியும்னு அவளைக் கேக்கறீங்க? கேன்சர் வந்தா நீங்களா வந்து பாப்பீங்க?"

சிஸ்டர் வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. ஆனா பதில் வரலேன்னா வேணாம்னு அர்த்தம். இன்னைக்கு அமுக்கிப் புடிச்சா, ஜென்மத்துக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. ஸ்வல்ப பொறுங்க, கொஞ்ச நாள்தான்."

சோதனைக் கருவி ஒன்றை மலரிடமே கொடுத்தனுப்பினார். அதை டக் டக்கென்று திறந்து மூடியே ஒரு மாதம் வீட்டை இரண்டாக்கினாள்.

நான்காம் முறை, "தொடலாமா?" என்றதும் மலர், "மெதுவா," என்றாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆரம்பநிலை மாறுதல் இருந்தது. சின்னச் சிகிச்சையில் சரியாயிற்று. அடுத்தடுத்த சோதனைகளுக்கு அவளே முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளை நாளை என்றே வருஷங்கள் போய்விட்டன.

மதியம் சிஸ்டர் வீட்டுக்குப் போனோம். மாலைகளுக்கு நடுவே அவர் முகமும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள், நானும் தொட்டேன். மலர் குனிந்து, "சிஸ்டர், தொடலாமா?" என்றாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வரிசையில் யாரோ, "தொட்டுட்டு நகரும்மா," என்றார்கள்.

"ஸ்வல்ப பொறுங்க. கேட்டிருக்கா," என்றேன்.

மலர் வெகுநேரம் சிஸ்டர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வேணாமாம்க்கா."

போய் வாருங்கள், சிஸ்டர்.