பங்குக் கிணற்றில் இறங்கிய போத்தல்கள்

பிரக்கிராசியார் மறைந்தார் என்னும் செய்தி, எங்கள் இரு வளவுகளுக்கும் பொதுவான கிணற்றடியில் நான் நீர் அள்ளிக்கொண்டு நின்றபோது வேலிக்கு மேலால் வந்தது. "சின்னம்மா, ஐயா எங்களை விட்டிட்டுப் போட்டார்!" என்று அவர் மகள் கதறினாள். வாளியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் ஓடினேன்.

அவர் என் காலஞ்சென்ற கணவரின் தமையனார்; பிரக்கிராசி என்னும் வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். மயானத்தில் பேசிய கனவான்கள், மதுவை வெறுத்த மாமனிதர் என்று அவரை வர்ணித்தனராம். நான் பள்ளிக்கூட வாசலை மிதியாதவள். பழைய பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் அறிந்தவள். எனினும் அடுத்த வளவில் வாழ்ந்தவளாதலால், அக்கனவான்களைவிடச் சிறிது அதிகம் அறிவேன்.

மதுவிலக்குச் சபைக்குத் தலைவராயிருந்து இணுவிலில் கள்ளுத் தவறணையை மூடுவித்தவர் அவர்தாம். கச்சேரி என்னும் அரசாங்கக் காரியாலயத்தின் வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கிறிஸ்மஸ் விருந்து வைத்தவரும் அவர்தாம். "கள்ளு வெறிக்கிறதுக்கு, வைன் கதைக்கிறதுக்கு" என்பது அவர் கண்ட தத்துவம். மற்ற நாட்களில் முட்டையும் நுழையாத அவ்வீட்டில், கார்த்திகை பிறந்தவுடன் ஆலோசனை தொடங்கும். பசியெழுப்பச் செரி வைன், மீனுக்கு வெள்ளை வைன், இறைச்சிக்குக் கிளாரெட் என்னும் சிவப்பு வைன், இளந்துரைமாருக்குப் பியர். ஒரு துளியும் நாவில் வைத்தறியாதவர், போத்தலில் ஒட்டிய படத்தின் அழகைக் கொண்டு தரத்தைத் தீர்மானித்தார். தக்கையை முகர்ந்து பார்க்கும் துரைமார் வழக்கத்தையும் விட்டாரில்லை. மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு முகர்ந்தார்!

ஓராண்டு, பியர் குளிர்ந்திருக்கவேண்டுமென்று, போத்தல்களைப் பனையோலைக் கடகத்தில் அடுக்கிக் கிணற்றினுள் கயிற்றில் இறக்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது திருவெம்பாவைக் காலம். அபிஷேகத்துக்கு நீர் எடுக்க விடியலில் வாளியை விட்டேன். கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்டது. மேலே வந்த வாளியில் நுரை பொங்கியது.

"பெரியத்தான், உது எந்தக் கோயில் தீர்த்தம்?" என்றேன்.

"மெல்லக் கதை, தங்கச்சி. சபைக்காரர் ஆருக்கேன் கேட்டிடும்."

"கேக்கட்டும். கிணத்திலை பாதி என்ரை. என்ரை பாதியிலை துரைமாற்றை பியர் ஏன் நீந்துது?"

"பின்னேரம் துரை வாறார். அரசாங்கம் தாற முதலியார் பட்டம் எனக்குக் கிடைக்கிறது அவற்றை வாயிலை கிடக்கு. நாளைக்கு இறைப்பம்."

"இண்டைக்கு இறையுங்கோ. இல்லாட்டி மிச்சப் போத்தலைக் கொண்டுபோய்க் கோயில் வாசலிலை அடுக்குவன்."

பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்குக் கிணற்றில் பங்கு எதற்கென்று உறவினர் அவர் காதில் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. அன்று நான் வாய்மூடியிருந்தால், மறுநாளே அப்பங்கு வெறும் பேச்சாகியிருக்கும்.

அன்றே ஆட்கள் துலா மிதித்து இறைத்தார்கள். நீர் வற்றியதும், "கண்ணாடி கிடக்கு, நாங்கள் இறங்கமாட்டம்" என்று கூலியாட்கள் மறுத்துவிட்டனர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரக்கிராசியாரே இறங்கினார். அவ்வேளையிலே துரைமாரின் மோட்டார் வண்டி வந்து நின்றது. பியர் நெடி வீசும் சேற்றைக் கடந்து அவர்கள் கிணற்றை எட்டிப் பார்க்க, உள்ளிருந்து அண்ணாந்தபடி கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொன்னார் நம் கனவான். துரைசானி குலுங்கிச் சிரித்தாள். பட்டம் அந்த ஆண்டும் வரவில்லை; பின்னர் எந்த ஆண்டும் வரவில்லை.

அவருடைய கிளாரெட்டைக் குடித்தவர்களுள் ஒருவரேனும் பாடையருகே வந்து நிற்கவில்லை. அவர்களுக்காகவா அத்தனை ஆலோசனை!

அவர் நினைவாக நான் மனத்தில் வைத்துக்கொள்வது அவர் நடத்திய சபையையன்று, பேசிய தத்துவத்தையுமன்று. கிணறு இறைத்த அந்த ஆண்டின்பின் ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் முதல்நாள் அவர் வேலியருகே வந்து நிற்பார்.

"தங்கச்சி, கிணத்திலை போத்தல் இறக்கலாமோ?"

"ஏலாது, பெரியத்தான்."

"ஓம்" என்று ஒப்புக்கொண்டு திரும்பிவிடுவார். துரைமார் வெதுவெதுப்பான பியரைக் குடித்து முகஞ்சுளித்தார்கள். பட்டம் இன்னும் எட்டப் போயிற்று. ஏலாதென்றே நான் சொல்வேன் என்பதை அறிந்தும், மறு ஆண்டும் வந்து கேட்டார்.

பாதிக் கிணறு என்னுடையதென்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அதை என்னிடம் வந்து கேட்கவேண்டிய ஒன்றாக மதித்தவர் அவர் ஒருவரே. வருகிற மார்கழியில் வேலியருகே வந்து கேட்க ஆளில்லை.