புள்ளி இல்லாத தெரு

காவல் நிலையத்தில் புகார்களைக் கணினியில் ஏற்றி, திருட்டு நடந்த இடமெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பவரை எல்லோரும் புள்ளியக்கா என்றே கூப்பிடுவார்கள். அன்று ஒரே தெருவில் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன.

"ரோந்தை அங்கயே போட்டுடலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா சுள்ளென்று எரிந்து விழுந்தார். "அது எங்க தெரு சார்! நான் இங்க இருக்கேன்னு, செருப்பு காணாமப் போனாக்கூட எங்க சித்தி புகார் எழுதிக் கொடுத்துடுவாங்க. ஒரு புள்ளிகூட இல்லாத இந்தத் தெருவைப் பாருங்க. அங்க திருடனே இல்லையா, இல்ல அங்க இருக்கறவங்களுக்கு நம்மகிட்ட வர மனசில்லையா?"

மறுநாள் காலை அவரே நோட்டோடு அங்கே போனார். முதல் வீட்டு அம்மா உள்ளே போய், உடைந்த பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார்.

"மூணு வருஷமா எடுத்து வச்சிருக்கேம்மா, யாராவது வந்து கேப்பாங்கன்னு."