அரைக் குளிசை

வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் அந்த வருஷம் எங்கள் வெங்காயத்தில் நாலு பாத்தி அழுகிப்போனது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே செம்மண் தோட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பாவுக்குத் தண்ணீர் மாறிக் கொடுப்பது என் வேலை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிஷின் ஓடும். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் காய்ந்த வாய்க்காலுக்குள் தண்ணீர் நுழையும்போது அதன் முன்னால் மெல்லிய நுரை ஒன்று வரும். காய்ந்த சருகையும் எறும்புகளையும் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பதுபோலக் கொஞ்சம் நின்று, பிறகு நகரும். நானும் அதோடு போய்விடுவேன். எறும்புகள் சருகில் ஏறிப் போகிற ஊர்களுக்குப் பெயர் வைப்பேன். அந்த ஊர்களில் வெயில் பச்சையாக இருக்கும். ஆட்கள் நடக்க மாட்டார்கள், மிதப்பார்கள். இதற்கிடையில் பாத்தி நிறைந்து, வரம்பு உடைந்து, பக்கத்துப் பாத்தியும் குளமாகிவிடும். அப்பா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போவார். நான் வேண்டுமென்றே கேட்காமல் நிற்பதாக ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படியில்லை. அவருடைய குரல், நாலு வீடு தள்ளி யாரோ யாரையோ கூப்பிடுவதுபோலத்தான் என்னிடம் வந்து சேரும். அந்தப் பிள்ளை ஏன் இன்னும் போகவில்லை என்றுகூட நான் யோசித்திருக்கிறேன்.

அப்பா அடிக்க மாட்டார். சேற்றுக்குள் வந்து குந்தியிருந்து, "இண்டைக்கு உன்ரை எறும்புகள் எங்கை போகினம், குஞ்சு?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். அவர் வரம்பைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்தாள். நான் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. என் வகுப்பு ரீச்சர் ஒருநாள் அம்மாவிடம், "உங்கடை பிள்ளை வகுப்பிலை இருக்கிறா, ஆனா வகுப்பிலை இல்லை" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் என் கொப்பிகளை எடுத்துப் புரட்டினாள். என் கணக்குக் கொப்பியில் கணக்குகள் எல்லாம் பாதியில் நின்றன. மிச்சப் பக்கத்தில் மீன்கள் நீந்தின.

இதோடு முடிந்திருந்தால் நான் வெறும் குழப்படிக்காரி என்ற பெயரோடு வளர்ந்திருப்பேன். ஆனால் அது சண்டை வந்து, ஊரில் எல்லோரும் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டத் தொடங்கிய காலம். எங்கள் பங்கர் வாழைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து அப்பா கட்டியது. மேலேயிருந்து சுடுகிற ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதற்குள் ஓட வேண்டும் என்று எனக்கு நூறு தடவை சொல்லியிருந்தார்கள். நானும் நூறு தடவை "ஓம்" என்று சொல்லியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, அப்பா வெங்காயத்தோடு சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார். நான் தோட்டத்தின் நடுவில் நின்றேன். வெங்காயத் தாள்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. அப்போது அவற்றின் மேலால் ஒரு பெரிய கரிய மீன் நீந்திப் போவதைக் கண்டேன். பாத்தி பாத்தியாகத் தாண்டி, கிணற்றுக் கட்டில் ஏறி இறங்கி, திரும்பி என்னிடமே வந்தது. அது ஹெலியின் நிழல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதன் வால் எங்கே முடிகிறது என்று பார்க்கும் ஆசையில் நின்றேன்.

அம்மா பங்கருக்குள் இறங்கித் திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் பின்னால் வரவில்லை. வெளியே ஏறி ஓடி வந்தாள். அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அவளுடைய பாரம் என் முதுகில் விழுந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். என் வாய் நிறையச் செம்மண். மேலே தகரக் கூரையில் கல் கொட்டுவதுபோலச் சத்தம் போனது. பக்கத்துத் தோட்டத்துத் தென்னையின் உச்சி வட்டு பிளந்து தொங்கியது. எழும்பியபோது அம்மாவின் முழங்கால் பிளந்து இரத்தம் பாதம்வரை வழிந்திருந்தது. எனக்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவள் ஏசவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பொழுதுபட அப்பா சந்தையால் வந்தார். குசினி அடுப்படியில் இருவரும் கதைத்தது முற்றத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"பருத்தித்துறையிலை ஒரு டொக்டர் அம்மா இருக்கிறாவாம். லண்டனிலை பிள்ளையளைப் பாத்தவ. உவளைக் கொண்டுபோய்க் காட்டப்போறன்."

"என்ன வருத்தமெண்டு காட்டப்போறீர்? நானும் சின்னனிலை உப்பிடித்தான் இருந்தனான். இப்ப தோட்டம் செய்யேல்லையே?"

"நீங்கள் சின்னனா இருக்கேக்கை உங்கடை தலைக்கு மேலாலை ஹெலி சுத்தேல்லை."

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

பருத்தித்துறைக்குப் போகும் பஸ் வல்லை வெளியைத் தாண்டிப் போகும். இரண்டு பக்கமும் வானம் கீழே இறங்கித் தண்ணீரில் படுத்திருக்கும். வெள்ளைப் பறவைகள் ஒற்றைக் காலில் நின்று தங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வெளியில் பஸ் எவ்வளவு மெதுவாகப் போனாலும் எனக்குப் போதாது.

டொக்டர் அம்மாவின் வீட்டு யன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. வயதான தாயைப் பார்ப்பதற்காக ஊருக்குத் திரும்பி வந்தவர் அவர். குட்டையாக வெட்டிய தலைமயிர். என்னைச் சோதிப்பதுபோலத் தெரியாமல் சோதித்தார். "பிள்ளை, உள் அறைக்குப் போய் ஒரு சீப்பு எடுத்து, மேசையிலை இருக்கிற பேனையையும் எடுத்து, யன்னலைச் சாத்திப்போட்டு வாரும் பாப்பம்." நான் போனேன். யன்னலைச் சாத்தப் போனபோது வெளியே ஒரு வள்ளம் அலையில் ஏறி, மறைந்து, ஏறி வந்துகொண்டிருந்தது. கனநேரம் கழித்து டொக்டர் வந்து என் தோளில் கை வைத்தார். என் கையில் சீப்பும் இல்லை, பேனையும் இல்லை.

அவர் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னார். அம்மா எழுத்துக் கூட்டிக் கேட்டுக் கைக்கொப்பியில் எழுதினாள்.

"உது குழப்படியும் இல்லை, சோம்பலும் இல்லை. உங்கடை வளப்பிலையும் பிழையில்லை" என்றார் டொக்டர். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "மருந்துக் குளிசை இருக்கு. கொழும்பிலையிருந்து எடுப்பிச்சுத் தருவன். உதை மாத்தாது, ஆனா கவனத்தைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். பசி குறையும், நித்திரை குறையலாம். சில பிள்ளையளுக்கு மனம் பதகளிக்கும், பயம் வரும். இண்டைக்கே முடிவெடுக்க வேண்டாம். வீட்டிலை கதைச்சு யோசியுங்கோ."

அம்மா ஒரு மாதம் யோசித்தாள். இரண்டு பேரும் மாறி மாறிக் கோபித்துக்கொண்டார்கள். ஊர் கதைக்கும் என்றார் அப்பா. கதைக்கட்டும் என்றாள் அம்மா. கடைசியில் இரண்டு கிழமை கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன வெள்ளைக் குளிசையை அம்மா கத்தியால் பாதியாக வெட்டுவாள். கத்தியில் ஒட்டிய தூளையும் விரலால் வழித்து என் நாக்கில் வைப்பாள். வெங்காயப் பாத்தியை அழித்ததற்குத் தண்டனை என்று நான் நினைத்துக்கொண்டேன். நாலு பாத்திக்கு இரண்டு கிழமை நியாயமாகத்தான் பட்டது.

நாலைந்து நாளில் உலகத்துக்கு ஓரங்கள் முளைத்தன. கரும்பலகை கிட்ட வந்தது. ரீச்சர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அது முடியும்வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன். கணக்குகள் கடைசி வரிவரை போய் விடையோடு நின்றன. ரீச்சர் என் கொப்பியை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். பிட்டும் மீன்குழம்பும் வைத்தால் முன்பு நான் சாப்பாட்டுக் கோப்பையை வழித்து நக்குவேன். இப்போது இரண்டு பிடியோடு எழும்பினேன். அது அவளுக்குக் கவலைதான். ஆனாலும் எட்டாம் நாள் ஹெலி வந்தபோது எல்லோருக்கும் முதல் பங்கருக்குள் இருந்தவள் நான். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முன்பே வானத்தின் ஓரத்தில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அரைக்கிற மில்லின் சத்தம் கேட்டாலும் ஓடினேன். வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்துப் பங்கருக்கு எத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றாமல் படுத்தேன். ஹெலி போய்விட்டது, வெளியே வா என்று அம்மா கூப்பிட்டாலும் வராமல், காதைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்தேன்.

"அம்மா, அது எங்களைத்தான் தேடி வருதோ?" என்று கேட்டேன். அதற்கு முன் ஒருநாளும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை தண்ணீர் மாறினேன். ஒரு வரம்பும் உடையவில்லை. ஒவ்வொரு பாத்தியும் கழுத்துமட்டும் நிறைந்து அளவாக நின்றது. அப்பா வந்து பக்கத்தில் குந்தினார்.

"இண்டைக்கு எறும்புகள் எங்கை போகினம், குஞ்சு?"

நான் வாய்க்காலைப் பார்த்தேன். "எறும்பு தண்ணிக்குள்ளை சாகுது, அப்பா" என்றேன்.

அப்பா எழும்பிப் போய் மிஷினை நிறுத்தினார். பாதித் தோட்டம் இறைக்காமல் கிடந்தது.

இரண்டாம் முறை டொக்டரிடம் போனபோது அப்பாவும் வந்தார். நடந்ததையெல்லாம் அம்மா ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"குளிசை தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்யுது. பயம் குளிசையாலை வந்ததோ, சுத்திவர நடக்கிறதை இப்பதான் பிள்ளை கவனிக்கிறதாலை வந்ததோ, என்னாலை பிரிச்சுச் சொல்லேலாது. லண்டனிலை நான் மருந்து குடுத்த பிள்ளையளுக்கு மேலாலை ஹெலி வரேல்லை" என்றார். "அளவைக் குறைச்சும் பாக்கலாம், நிப்பாட்டியும் பாக்கலாம். எதைச் செய்தாலும் உங்களிலை பிழை சொல்ல மாட்டன்."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா மெல்லச் சொன்னார்: "எனக்கு என்ரை பழைய பிள்ளை வேணும்."

"எனக்கு உயிரோடை இருக்கிற பிள்ளை வேணும்" என்றாள் அம்மா. வல்லை வெளி முழுக்க அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். புத்தூரில் இறங்கியதும், "நாளைக்குக் குடுக்கேல்லை" என்றாள்.

குளிசைப் போத்தல் அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் போனது. சில நாட்களில் ஓரங்கள் மறுபடி கரைந்தன. நன்றாகச் சாப்பிட்டேன். மில் மில்லாகவே கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. கணக்குகள் பாதியில் நின்றன. புலமைப்பரிசில் சோதனையில் நான் சித்தியடையவில்லை. அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

இதை மருந்துக்கு எதிரான கதையாக நான் சொல்லவில்லை. நான் இப்போது வேறு ஒரு நாட்டில் வாழ்கிறேன். என் மகனுக்கும் இதே குணம். யோசித்து, சண்டை பிடித்து, நானும் கணவரும் அவனுக்கு அந்த வகைக் குளிசையைக் கொடுத்தோம். அவனுக்கு அது நல்லதே செய்தது. நாங்கள் இருக்கும் இந்த ஊரின் வானத்தில் பறப்பது விடுமுறைக்குப் போகிறவர்களின் விமானங்கள் மட்டும்தான்.

குளிசையை நிறுத்திய பிறகு அம்மா மாறிப்போனாள். அதிபரிடம் கேட்டுத் தன் வகுப்பை என் வகுப்புக்குப் பக்கத்துத் தட்டி மறைப்புக்கு மாற்றிக்கொண்டாள். பின்னேரங்களில் நான் தோட்டத்துக்குள் இறங்கினால் அவளும் வந்தாள். திருத்த வேண்டிய கொப்பிகளைக் கட்டாகக் கொண்டுவந்து, வெயிலில் வரம்பில் குந்தியிருந்து திருத்தினாள். நான் நகர்ந்தால் கொப்பிக் கட்டோடு அவளும் நகர்ந்தாள். கை நீட்டினால் என் சட்டை எட்டும் தூரத்துக்கு அப்பால் ஒருநாளும் இருந்ததில்லை. ஹெலி வந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று என் சட்டைக் கழுத்து இறுகும், நான் பங்கருக்குள் இருப்பேன், பச்சை வெயில் ஊரின் பாதிக் கதை வாயில் இருக்கும்.

எனக்கு அது பெரிய கரைச்சல். எறும்புகள் போகும் வழியில் அவளுடைய நிழல் விழுகிறது என்று சண்டை பிடித்தேன்.

"ஏனம்மா எப்ப பாத்தாலும் எனக்குப் பக்கத்திலையே இருக்கிறியள்?"

"வீட்டுக்குள்ளை புழுக்கமாக் கிடக்கு, பிள்ளை" என்றாள். சித்திரை வெயில் அவளுடைய உச்சியில் எரிந்தது. நான் நம்பினேன்.

ஒருநாள் பள்ளிக்கூடக் கிணற்றடியில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் கொப்பியை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிவப்பு மைக்குப் பக்கத்தில் செம்மண் விரல் அடையாளம் இருந்தது. தாள் ஈரத்தில் நெளிந்திருந்தது.

"உங்கடை அம்மா திருத்தித் தாற கொப்பியெல்லாம் ஏன் வெங்காயம் மணக்குது?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். அது பொய்யில்லை.