லாரியைச் சுற்றி நடந்தவர்

எனக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து, குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு எண்ணூர் சாலையோரம் நடக்கிறேன். ஒருநாள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் ஓர் ஓட்டுநர், தொப்பை குலுங்க, தன் வண்டியையே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

“இன்னாம்மா, இந்த ஓட்டம் ஓடறே? என்னிய மாதிரி உனக்கும் லிவர்ல கொழுப்பா?” என்று சிரித்தார்.

“ஆமாண்ணா. புரோட்டாவை விட்டுட்டு, தினமும் அரைமணி நேரம் நிற்காம நடங்க” என்றேன், மருத்துவர் எனக்குச் சொன்னதை அப்படியே.

“ராப்பகலா வண்டிலயே குந்திகினு கீறேன். இங்க புரோட்டா கடைதான் கீது. எறங்கி நடந்தா லைன் நவுருது. இன்னா பண்ணச் சொல்றே?”

பின்னாலிருந்து ஹாரன் அலறியது. பாதிச் சுற்றில் ஓடிப்போய் ஏறினார். வரிசை பத்தடி நகர்ந்து மறுபடியும் நின்றது.

வேறென்ன சொல்லியிருக்கலாம்? என்மீதே எரிச்சலாக வந்தது. மறுபடி இறங்குவாரா என்று பார்த்துக்கொண்டே நின்றதில், அன்று என் நடையும் அங்கேயே நின்றுபோனது.