இரட்டை நிறத் தக்காளியும் முப்பது நாளும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். கேட்கப்படுவது ஒருவருடைய உயிரைப் பற்றியது என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள். இதை நான் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். ஓய்வு பெறும்வரை ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன். ஊரார் அனுப்பும் இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் தயாரித்ததும் நான்தான்.

நானே விண்ணப்பம் போட்டது தக்காளிக்காக.

விதையை வாங்கி அனுப்பியவள் என் மகள். ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு போனவள். அப்பா ஆம்பூர் வீட்டில் சும்மா உட்கார்ந்து செய்தித்தாளில் பிழை தேடிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குக் கவலை. பாக்கெட்டின் மேல் இருந்த படத்தை நான் நம்பவில்லை. மஞ்சள் பழம், அடியிலிருந்து சிவப்பு தீயைப் போல ஏறுகிறது, வெட்டினால் உள்ளேயும் அதே இரண்டு நிறம். ஒரு பழம் ஒரு கைக்குள் அடங்காதாம்.

ஐப்பசியில் நாற்று விட்டேன். செடி என் உயரத்தைத் தாண்டியது. மூங்கில் நட்டுக் கட்டினேன், பக்கக் கிளைகளைக் கிள்ளினேன், குலைக்கு இரண்டு காய் மட்டும் விட்டேன். அப்படியும் கனம் தாங்காமல் ஒரு கிளை முறிந்தது. மனைவியின் பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொரு காய்க்கும் தூளி கட்டினேன். மாசி பிறந்ததும் நிறம் வந்தது. படம் பொய் சொல்லவில்லை.

அதற்குள் வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். காலையில் பல் விளக்கும் முன்பே செடியருகில் போய் நிற்பாள். பச்சையாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்ன வேண்டும் என்பதே அந்த மாதங்களில் அவளுக்கிருந்த ஒரே ஆசை.

முதல் பழத்தைப் பறிக்கும் முன் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து பார்த்துவிட்டாள். ஷூ கம்பெனியில் வேலை. அவள் கணவர் டேனரியில் முப்பது வருடம் தோல் ஊறவைத்தவர்.

"இன்னா சார் இது, பாதி ரத்தம் கட்டுன மாரி கீது? டேனரி கழிவுத் தண்ணி ஏறிச்சி போலக்கீதே. எங்க தென்னை இப்டித்தான் மஞ்சளாச்சி."

அது இந்த வகையின் இயல்பு என்று பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"படத்துல நல்லாத்தான் கீது. படத்துக்கு நம்ம போர் தண்ணியா ஊத்துனாங்க?"

நிறம் விதையில் வந்தது, அது தெரியும். தண்ணீரில் என்ன வந்தது என்பது தெரியாது. குடிக்க நாங்கள் கேன் வாங்குகிறோம். போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் பொருக்கு விடும், சோப்பு நுரைக்காது. அதைத்தான் நான்கு மாதமாகச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் அரசாங்கத்தின் சோதனைக் கிணறு ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆள் வந்து கேனில் பிடித்து, சீட்டு ஒட்டி எடுத்துப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அறிக்கை இருக்கிறது. அதன் நகலைக் கேட்டு எழுதினேன்.

மனைவி சுருக்கு வழி சொன்னாள். "ஒரு பாட்டில்ல எடுத்துனு வேலூருக்குப் போயி, காசு குடுத்து பாத்துட்டு வாங்களேன். ஒரு பஸ்தானே?"

ஏற்கெனவே சோதித்த தண்ணீரை நான் எதற்கு மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். நியாயம் என் பக்கம் இருந்தது. இன்றும் என் பக்கமே இருக்கிறது. வேறு ஒன்றும் என் பக்கம் இல்லை.

கிணற்றைச் சோதிக்கும் துறையின் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிய இளநிலை உதவியாளர் ஒரு வரியில் விரல் வைத்தார். "உயிர் சம்பந்தப்பட்டதுன்னு போட்டுருக்கீங்க. யாரு உயிரு சார், தக்காளியோடதா?"

அடுத்த நாற்காலி சிரித்தது. என் மகள் வயிற்றில் இருக்கும் குழந்தையுடையது என்றேன். சிரிப்பு நின்றது, முத்திரை விழுந்தது. அவ்வளவுதான்.

நாற்பத்தெட்டு மணி நேரம் போனது. முப்பது நாளும் போனது. பிரிவு ஏழு பழத்துக்குத் தெரியாது. ஒன்று வெடித்தது, ஒன்றைக் குருவி கொத்தியது, ஒன்று தூளியிலேயே கனிந்து ஒழுகியது. நாலு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும் என்று மகள் கேட்டாள். காகிதம் வரட்டும் என்றேன்.

"காகிதம் வர்றதுக்குள்ள இது பொறந்து வந்து உங்களைக் கேக்கும்பா," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

ஆனாலும் அவள் பறிக்கவில்லை. ஒருநாள் ஒரு பழத்தை இரண்டு கையாலும் ஏந்தி, முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தூளியில் வைத்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். அன்று மாலையே பேருந்து ஏறியிருக்கலாம். நான் பிரிவு பத்தொன்பதின் கீழ் முதல் மேல்முறையீட்டை எழுதி முடித்தேன். நல்ல மேல்முறையீடு. ஓர் எழுத்துப்பிழை கிடையாது.

பங்குனி வெயிலில் செடிகள் கருகின. பிடுங்கிக் குழியில் போட்டு மண் தள்ளினேன். சித்திரையில் பேத்தி பிறந்தாள். ஆடி பிறக்கும் முன் அனுப்பிவிட வேண்டும் என்று ஆனிக் கடைசியில் தாயையும் பிள்ளையையும் ஜோலார்பேட்டையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

அதன் பிறகு வந்தது உறை. உள்ளே இரண்டு தாள். ஒன்றில், கோரிய தகவல் இணைக்கப்பட்டுள்ளது, நிர்வாகக் காரணங்களால் தாமதம் என்று இருந்தது. அந்த 'நிர்வாகக் காரணங்கள்' நான் எத்தனையோ பேருக்கு எழுதியது. இன்னொன்று அறிக்கை. எங்கள் தெருக்கோடிக் கிணறு. எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். தாராளமாகத் தின்றிருக்கலாம்.

அறிக்கையின் தேதியைப் பார்த்தேன். தை மாதத்தது. நான் முத்திரைக்காக நின்றபோது இந்தத் தாள் அதே கட்டடத்தில் ஒரு கோப்புக்குள் இருந்தது. ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து, அலமாரி வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் எழுந்ததில்லை.

மனைவி படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். பழைய பழக்கம், பென்சிலை எடுத்து மூலையில் குறித்தேன்: பெறப்பட்டது, ஆடி மூன்று.