சுண்ணாம்பு மூடிய விலா

ஆற்றங்கரைக் கோயில்களுக்கு வெள்ளையடிப்பதுதான் என் தொழில். திருவிழாவுக்கு முன்னால் மதிலுக்கு அடிப்போம், தூணுக்கு அடிப்போம், தூணில் சிலை இருந்தால் சிலைக்கும் அடிப்போம். அன்று அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தால் பளிச்சென்று இருக்கும். மணிமுத்தாறு பக்கம் ஒரு கோயிலில் நீலம் கூடிப்போய் நந்தி வானத்து நிறத்தில் படுத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதுவும் அழகுதான் என்றார்கள். அது வேறு கதை.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் எதிரெதிரே இரண்டு தூண்கள். ஒன்றில் வள்ளியை ஏய்க்கக் கிழவன் வேடத்தில் வந்த முருகன். மற்றதில் அழகு வேண்டாமென்று பேயுருவம் கேட்டு வாங்கி, சிவனுக்கு முன்னால் உட்கார்ந்து தாளம் போட்டுப் பாடும் பேயம்மை. பேர்தான் பேயம்மை. நான் பார்த்த காலமெல்லாம் கொழுகொழுவென்றுதான் இருந்தாள்.

போன வருஷம் திருப்பணிக்கு வந்தவர்கள் சுண்ணாம்பையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். போய்ப் பார்த்தேன். கிழவனுக்குப் பெரிய மாற்றம் இல்லை. தாடி, கைக்கம்பு, கொஞ்சம் கூனல், அவ்வளவுதான் வயசு. தோளும் கெண்டைக்காலும் வாலிபனுடையவை. பேயம்மைக்கோ விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வற்றிய முலை, ஒட்டிய வயிறு, புடைத்த கழுத்து நரம்பு. கல்தச்சன் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. அந்தக் குழிகளில் இத்தனை நாள் இருந்தது நாங்கள் அடித்த சுண்ணாம்பு.

அப்போது என் பெண்டாட்டி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் பாதியாகியிருந்தாள். பல்லும் போய்விட்டது. சிரித்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். அவள் தங்கை பேரனுக்குத் திருச்செந்தூரில் கல்யாணம் வந்தது. போகமாட்டேன் என்று இருந்தாள்.

"இந்தக் கோலத்துல எவ முன்னாடி போய் நிக்கதுக்கு?"

நான் வற்புறுத்தவில்லை. சோறு தின்னும்போது, பேச வேறு ஒன்றும் இல்லாததால், தூண் விஷயத்தைச் சொன்னேன்.

"கிழவனுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"ஏட்டி, தாடி மட்டுந்தான்."

"ஆம்பள செதுக்குனதுல்லா."

சாயங்காலம் தலையை மூடிக்கொண்டு அவளே கிளம்பினாள். பைய நடந்து போனோம். பேயம்மை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"எலும்பா கிடக்கா. ஆனா வாயத் தொறந்துல்லா பாடுதா," என்றாள்.

பிறகு எதிர்த் தூணுக்குப் போய்க் கிழவனின் கெண்டைக்காலைத் தட்டினாள். "உங்களுக்கு இதுல பாதிகூடக் கிடையாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தலையிலிருந்து நழுவிய தலைப்பு தோளிலேயே கிடந்தது.

கல்யாணத்துக்கு வந்தாள். மணமக்கள் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிற பையன், "பாட்டி, வாயைக் கொஞ்சம் மூடிக்கோங்க," என்றான்.

"மூடிக்கிட்டு எப்படிலே சிரிக்க? நீ எடு."

மண்டபமே சிரித்தது. எடுத்தான்.

போன வாரம் ஆல்பம் வந்தது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கன்னம் புது மதில் மாதிரி வழவழவென்றிருந்தது. வாய்க்குள் பல்வரிசைகூட வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் செய்வார்களாம். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நீங்க வெள்ளையடிச்ச மாதிரில்லா இருக்கு," என்றாள். "அவனையே சுரண்டித் தரச் சொல்லுங்க."

ஸ்டூடியோ டவுணில் இருக்கிறது. காலை பஸ்ஸுக்கு எடுத்துப்போக ஆல்பத்தைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன்.